உம் கொட்டியவள்

அந்த 'ம்' ஒரு பெண்ணுடையது என்பதில் துஷ்யந்திக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சந்தேகமெல்லாம் அது எந்தப் பெண்ணுடையது என்பதில்தான்.

காதில் விழுந்தது தற்செயலாக. மேல்மாடி மஸாஹிரா தன் மச்சியின் கலியாணத்துக்குப் போட ஒரு பிளவுஸ் தைக்கத் தந்திருந்தாள். கையில் வைக்க வேண்டிய வேலைப்பாட்டைப் போனில் காட்டினாள். தீப்பெட்டிப் படம் மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்க்கலாமே என்று துஷ்யந்தி புருஷனின் கொம்பியூட்டரைத் திறந்தாள். சாதாரணமாக அவள் அதைத் தொடுகிறவள் இல்லை. அது விக்ரமனின் அடுப்படி, தையல் மெஷின் தன்னுடைய அடுப்படி, ஆள் மாறி உள்ளிடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அன்றைக்கு எதையோ தேடப்போய் எதையோ அழுத்திவிட்டாள்.

"ம்."

ஒரு மூச்சளவு இடைவெளி. மறுபடியும் "ம்." பிறகு வேறொரு சாயலில், கொஞ்சம் நீட்டி, "ம்ம்." கதை ஒன்றுமில்லை. சொல்கிறவன் குரலும் இல்லை. ஒரு பெண் மாத்திரம் மிகக் கிட்ட இருந்து, களைத்த குரலில், உதடு திறவாமல் உம் கொட்டிக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் படுத்துக்கிடப்பவள் அரை நித்திரையில் சொல்கிற 'ம்' போல. திரையில் அந்த ஒலித்துண்டுகளுக்கெல்லாம் சேர்த்து 'கரை' என்று பெயர் வைத்திருந்தது.

மஸாஹிரா வாயைப் பொத்திக்கொண்டாள். "யாரு புள்ள இது? ஒங்கட சத்தம் இல்லையே."

"இல்லை," என்றாள் துஷ்யந்தி. அவளுடையது கணீரென்று மூன்று வீடு தாண்டிக் கேட்கும் குரல். கடல் பக்கம் இறங்குகிற அந்த லேனில் அது எல்லோருக்கும் தெரியும்.

"ஆம்புளைகள்ட சாமான தொறக்கப்படாது. தொறந்தா ஒழுங்கா மூடவும் ஏலாது," என்று சொல்லி மஸாஹிரா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கைவேலையைப் பிறகு பார்ப்போம் என்று படியேறிப் போய்விட்டாள்.

விக்ரமன் படங்களை அசைய வைக்கிறவன். கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். இந்தியாவிலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை போட்ட குடும்பம். கடையில் இருத்தினால் பில் புத்தகத்தின் மூலைகளில் ஒரு ஆளின் படத்தைக் கீறி, தாள்களைச் சடசடவென்று விட்டு அவனை ஓடவைத்துக்கொண்டிருந்தானாம். கலியாண வீடியோக்களில் மாப்பிள்ளை பொம்பிளை பெயரை ஆடவைப்பதில் தொழில் தொடங்கியது. பிறகு ஒரு விளம்பரத்துக்குப் பசுமாட்டை ஆடவைத்தான். பிறகு சிங்களப் பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு ஆமையை வருடக்கணக்காக நடக்கவைத்தான். அந்த ஆமை நன்றாகச் சோறு போட்டது. ஒருநாள், இனி இந்த ஆமையோடு நடக்கேலாது என்று விட்டுவிட்டு, ஒரு பையையும் ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் மன்னார்க் கரைக்கும் மட்டக்களப்பு வயல்களுக்கும் போகத் தொடங்கினான். வேலை செய்கிற சனம் வேலையோடு வேலையாகச் சொல்கிற கதைகள்தான் தனக்கு வேண்டும் என்றான். ஆமையை விட்டது பைத்தியம் என்றார்கள் துஷ்யந்தி வீட்டு ஆட்கள். அவளும் கொஞ்சக்காலம் அப்படித்தான் நினைத்தாள்.

அவன் வேலை செய்கிற விதம் ஒன்று இருந்தது. கதையை முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பான். எந்த இடத்தில் கேட்கிறவரின் கண் அலைகிறதோ அந்த இடத்தை வெட்டுவான். பிறகு குரல்களைப் பதிவான். குரல் வந்த பிறகுதான் கோடு. அவன் சொல்ல, கேட்கிறவள் துஷ்யந்தி. பின்னேரங்களில் அவள் மெஷினில் இருக்க, அவன் பக்கத்து ஸ்டூலில் தேத்தண்ணிக் கோப்பையோடு குந்திக்கொண்டு, "ஒரு ஊர்ல ஒரு தோணிக்காரன்" என்று தொடங்குவான். அவள் மார்புச் சுற்றளவையும் கழுத்து இறக்கத்தையும் மனதில் போட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள். தோணிக்காரன் கதை எப்படித் தொடங்கும் என்று கேட்டால் அவள் சொல்லுவாள். எப்படி முடியும் என்று கேட்டால் தெரியாது.

முதல் படம் ஒரு நரியையும் அதன் பெண்சாதியையும் பற்றியது. நரிப் பெண்சாதி ஓரிடத்தில் மரக்கறிக்காரனோடு சண்டை பிடிக்கும். அந்தக் குரல் துஷ்யந்தியுடையது. ரயில் பாதையடியில் முருங்கைக்காய் வாடல் என்று அவள் உண்மையாகவே சண்டை பிடித்ததை அவன் யன்னலால் பதிந்து, ஒரு சொல் கேட்காமல் படத்தில் போட்டிருந்தான். படம் வெளிநாட்டில் பரிசு வாங்கியது. அவர்கள் குடியிருந்த வெள்ளவத்தையில் அவளுக்கு 'நரி அக்கா' என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. கோயில் வாசலில் ஒரு பிள்ளை, "அம்மா, நரி" என்று கையைக் காட்டின அன்று அவள் வீட்டுக்கு வந்து, தட்டில் கற்பூரம் கொளுத்தி அவன் முன்னே நீட்டினாள். இனித் தன்னுடைய சத்தத்தைத் தொட்டால் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்றாள். அவன் உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான்.

அதெல்லாம் பழைய கதை. புதுப் படத்துக்காகக் கொஞ்சக்காலமாக அவன் முகத்துவாரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தான். கருவாடு போடுகிற பெண்கள் சொல்கிற கதையாம். போகப் போக வீட்டில் கதை சொல்வது குறைந்தது. பிறகு நின்றே போய்விட்டது. வந்ததும் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவான். அவள் பின்னால் வந்து நின்றால் கை தன்பாட்டில் போய் எதையோ நிறுத்தும். முன்பு அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததெல்லாம் சாட்சி சொன்னது.

அன்று பின்னேரம் அவன் ஒரு பார்சலோடு வந்தான். சூடைக் கருவாடு. வீடு முழுக்க முகத்துவாரம் மணத்தது. ரொஷேல் தந்தது என்றான்.

துஷ்யந்தி அதைக் கழுவிப் பொரித்தாள். புட்டும் சம்பலும் ஏற்கெனவே இருந்தன. அவன் தட்டில் போட்டுவிட்டுத் தன் தட்டில் போடாமல் இருந்தாள்.

"ரொஷேல் ஆர்?"

"சொன்னேனே. கருவாட்டு வாடியில கதை சொல்றவ."

"நல்லாச் சொல்லுவாவோ?"

"நல்லா சொல்லுவா."

வெளியே ரயில் ஒன்று போனது. போய் முடியும்வரை இருவரும் பேசாமல் இருந்தார்கள். அந்த வீட்டில் ரயிலுக்காக நிறுத்தின பேச்சுகளில் பாதி திரும்பத் தொடங்குவதில்லை.

"கேக்கிறது ஆர்?" என்றாள்.

அவன் கை தட்டில் நின்றது. "என்னது?"

"ஒருத்தர் சொன்னால் ஒருத்தர் கேக்க வேணுமே. உம் கொட்ட ஆள் வேணுமே."

"அங்க நிறையப் பேர் இருக்காங்க, துஷி," என்று சொல்லிவிட்டு அவன் கருவாட்டின் முள்ளை எடுப்பதில் மும்முரமானான். சூடையில் எடுக்கிற அளவுக்கு முள் இல்லை. அதையும் அவள் பார்த்துக்கொண்டாள்.

கல்கிசையில் இருக்கிற அண்ணன் றமேஷுக்கு அவள் எல்லாவற்றையும் சொல்லவில்லை. கொஞ்சம் சொன்னாள். அந்தக் கொஞ்சம் அவருக்குப் போதும். அவருக்கு இந்தச் சம்பந்தம் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. பேச்சு வேறு, பழக்கம் வேறு, கீறிப் பிழைக்கிறவன் என்று அவரிடம் எப்போதும் சாட்டு இருந்தது. அடுத்த நாளே மாம்பழப் பையோடு வந்து, ஆறின தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சொன்னார். மேல் அறை சும்மாதான் கிடக்கிறது. பிள்ளைகுட்டி இல்லை, எதற்காக இழுபட வேண்டும். வெள்ளிக்கிழமை வான் வண்டியைக் கொண்டுவருகிறேன், மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடு.

"யோசிச்சுச் சொல்லுறன் அண்ணா," என்றாள்.

"யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? வியாழக்கிழமை போன் எடுப்பன். ஓம் எண்டால் ஓம்."

அவர் போனபிறகு அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடல்காற்றுக்கு ஊசிகள் துருப்பிடிக்கிற வீடு. எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற வீடு. மெஷினை இறக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று யோசித்தாள். தான் போவதா இல்லையா என்று யோசிக்கவில்லை. ஆளைப் பார்த்தால்தான் அதை யோசிக்கலாம்.

ஆளைப் பார்ப்பதற்காகப் புதன்கிழமை மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். கொம்பியூட்டரிலிருந்து அந்த 'ம்'களைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். கொண்டக்டரிடம் முகத்துவாரத்தின் சிங்களப் பெயரைச் சொல்லி, மோதரைக்கு டிக்கட் கேட்டாள். கோட்டையில் வெயில், கொட்டாஞ்சேனையில் தூறல், முகத்துவாரத்தில் இறங்கும்போது மழை. ஆறு கடலில் விழுகிற பக்கம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. எது ஆறு, எது கடல், எது வானம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

வாடி என்பது நாலு கம்பில் கட்டின தறப்பாள்தான். அதன் கீழே பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து கீரிமீன் வெட்டினார்கள். ஒருத்தி வெட்ட, அடுத்தவள் குடலை எடுக்க, மற்றவள் உப்பில் புரட்டித் தொட்டியில் அடுக்கினாள். மழைக்குக் காயப்போட முடியாத மீனை உப்பிலேயே காக்க வேண்டும். கை ஓய்வில்லை. அதனால்தான் வாய்க்கு வேலை வருகிறது என்று அவளுக்குப் பட்டது.

பெயர் சொல்லிக் கேட்டதும் நடுவில் இருந்தவள் நிமிர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, தலையில் ஒரு பொலித்தீன் பை. விரல்களில் செதில் மினுங்கியது.

"விக்ரமன்ட வைஃப்," என்றாள் துஷ்யந்தி.

"நரி அக்காவா? வாங்க, வாங்க. இந்த வாளிய கவுத்துட்டு இருங்க. சாரிய தூக்கிக்கங்க, ரத்தம் பட்டா போகாது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இங்கேயும் நரி வந்துவிட்டது. துஷ்யந்தி கவிழ்த்த வாளியில் விறைப்பாக உட்கார்ந்தாள். ரொஷேலின் முகத்தை, பல்லை, கழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழகு என்று சொல்ல முடியாது. அழகில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"அவர் உங்களுக்கு என்னைப் பற்றிச் சொன்னவரோ?"

"சொல்லாம? கத வாங்கிட்டு சும்மா போகவுட்டுடுவோமா? எங்க வாடியில அது சட்டம். ஒரு கத வாங்கினா ஒரு கத குடுக்கணும். மொதல்ல நாங்க அவர நம்பல்ல அக்கா. கேமராவ தூக்கிட்டு வந்து மூஞ்ச எடுத்துட்டுப் போறவங்கள நெறைய பாத்துட்டோம். போனவங்க திரும்பி வந்ததில்ல. அதான் நீங்க மொதல்ல ஒன்னு குடுங்கன்னோம்."

"என்ன கதை குடுத்தவர்?"

ரொஷேல் மீனைப் புரட்டினாள். பக்கத்திலிருந்தவள் முந்திக்கொண்டாள். "பொண்டாட்டிக்கு தெனம் தெனம் கத சொல்றாராம். அவ ஒரு நாளும் கேக்கிறதே இல்லையாம்."

வட்டம் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் துஷ்யந்திக்குக் காது சுட்டது. அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தானா? அல்லது தெரிந்ததால்தான் கேட்கிறவள் ஒருத்தியைத் தேடிப் போனானா?

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "இது ஆர் எண்டு சொல்லுங்கோ."

"ம்," என்றது போன். "ம். ம்ம்."

தறப்பாளில் மழை கொட்டியது. ரொஷேல் கத்தியை வைத்துவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள். இன்னொருமுறை போடச் சொன்னாள்.

"இது எங்க ஆளு இல்ல."

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்கோ."

"என்னத்த கேக்கிறது? நாங்க யாரும் 'ம்' சொல்லவே மாட்டோம். 'பொறகு'ன்னு தான் கேப்போம். நான் தோணிக்காரன் வந்தான்னா, இவ 'பொறகு'ம்பா. வாய மூடிக்கிட்டு இருக்கிறவளுக்கு இங்க கத கெடையாது. மூடின வாயில ஆமாவும் இருக்கும், இல்லையும் இருக்கும். எதுன்னு எப்புடி தெரியும்?"

"பொய் சொல்ல எனக்குத் தெரியாது அக்கா," என்று பக்கத்தில் இருந்தவள் சேர்த்துச் சொன்னாள். யாரும் அவளைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை.

ரொஷேல் மறுபடியும் காதைக் கொடுத்துக் கேட்டாள். "இவ வாயில என்னத்தையோ வச்சிருக்கா. பல்லிடுக்கால காத்து வருது பாருங்க. வெத்தல போட்டவளா இருக்கும்."

"புதுசா பல்லு கட்டினவளா இருக்கும்," என்றாள் உப்புப் புரட்டுகிறவள். மறுபடியும் சிரிப்பு.

போகும்போது ரொஷேல் ஒரு பை கீரிமீன் தந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கைப்பிடியில் மாட்டிவிட்டாள். துஷ்யந்தி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ரொஷேல் பொய் சொல்லவில்லை என்று ஒரு மனம் சொன்னது. இத்தனை சுளுவாக உண்மை சொல்கிறவள்தான் பெரிய பொய்க்காரி என்று மற்ற மனம் சொன்னது. ஆமர் வீதியில் வெற்றிலை போட்ட ஒரு பெண் ஏறினாள். அவள் இறங்கும்வரைக்கும் துஷ்யந்தி அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரமும் மழை விடவில்லை. விக்ரமன் ஒலி வேலைக்காக வெளியே போயிருந்தான். படத்தை ஒப்படைக்கிற நாள் கிட்டிவிட்டது என்று காலையில் சொல்லியிருந்தான். மஸாஹிராவின் பிளவுஸ் கையை உடலோடு பொருத்துகிற வேலை. வழுக்குகிற துணி. குண்டூசிகளை உதட்டிடையே கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சுருக்கு விழாமல் குத்திக்கொண்டு போனாள்.

போன் அடித்தது. கை ஓய்வில்லாததால் ஸ்பீக்கரில் போட்டு மெஷின் பலகையில் வைத்தாள். அண்ணன். மழைக்கு லைன் சரியில்லை. அவர் அலுவலகத்திலிருந்து பேசினார். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மெஷினை யன்னலடியில் போடலாம். அண்ணிக்குத் துணையாயும் இருக்கும். இந்த வயதில் ஒருத்தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒளிக்கிறான் என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

"ம்," என்றாள் துஷ்யந்தி.

சொல்லி முடிந்து ஒரு கணம் பிந்தி, போனுக்குள்ளிருந்து இன்னொருத்தி "ம்" என்றாள்.

அண்ணன் பேசிக்கொண்டேயிருந்தார். அவள் கால் மெஷின் பெடலில் நின்றது. லைன் கோளாறு. தன் சத்தம் தனக்கே திரும்பி வருகிறது. இப்படி எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஆனால் இந்தச் சத்தம். களைத்த சத்தம், உதடு திறவாத சத்தம், பல்லிடுக்கால் காற்று வருகிற சத்தம்.

"ம்," என்றாள் மறுபடியும், வேண்டுமென்றே.

"ம்," என்றது போன்.

"என்ன ம் ம் எண்டு எனக்கு உம் கொட்டுறாய்?" என்றார் றமேஷ். "ஓமா இல்லையா? நான் வான்காரனுக்குச் சொல்ல வேணும்."

அவள் உதட்டிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுக் குமிழில் குத்தினாள். "பிறகு எடுக்கிறன் அண்ணா," என்றாள். போன் அதையும் திருப்பிச் சொன்னது. அது அவளுக்குத் தெரிந்த குரல், கணீரென்ற குரல்.

கொம்பியூட்டரைத் திறந்தாள். 'கரை'யை ஓடவிட்டாள். "ம்." நாலு ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு தானும் சொன்னாள். "ம்." கொம்பியூட்டருக்குள் இருந்தவளும் மெஷினடியில் இருந்தவளும் ஒருத்திதான். ஒரு 'ம்'முக்குப் பின்னால், அவன் எவ்வளவு துடைத்தும் போகாமல், மெஷினின் பாதத்தைத் தூக்குகிற 'டக்' என்ற ஒலி ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தியும் அது கேட்டிருக்க வேண்டும். வேறொருத்தியைத் தேடின காதுக்கு அது விழவில்லை.

வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்தது. பிறகு கற்பூரம் ஞாபகம் வந்தது. அவன் கதை சொன்னபோதெல்லாம் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த அவனுடைய போன் ஞாபகம் வந்தது. வேறொருத்தி இருந்திருந்தால் அவளைத் திட்டலாம். இங்கே ஆரைத் திட்டுவது? வேறு என்னென்ன எடுத்து வைத்திருக்கிறான்? அடுப்படியில் தனியாகப் பேசினதையா? அம்மா செத்த கிழமை குளியலறையில் அழுததையா? இருட்டி வருகிற அறையில் அவள் லைட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

விக்ரமன் தெப்பமாக நனைந்து வந்தான். அவள் விரலால் ஒன்றை அழுத்தினாள்.

"ம்," என்றது கொம்பியூட்டர்.

அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான். காற்சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்து சீமெந்தில் பரவியது. ஒரு ரயில் போனது.

"கற்பூரம் அணைச்சனீங்கள்," என்றாள்.

"ஆமா."

"ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டா நீ வேற மாதிரி சொல்லுவ. வாடியில பாத்தேன், அங்க 'ம்'மே இல்ல. நடிக்கிறவங்களக் கூப்பிட்டும் பாத்தேன். எல்லாரும் கதையக் கேட்டுட்டு 'ம்' சொல்றாங்க. எனக்குக் கேக்காம சொல்ற 'ம்' வேணும்."

"நான் கேக்கிறேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லிக்கொண்டிருந்தீங்கள்?"

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தான், சட்டையும் ஈரம். கிட்ட வந்து, போனை மேசையில் குப்புற வைத்துவிட்டுப் படத்தைப் போட்டான்.

முகத்துவாரம்தான். அவள் நேற்றுப் பார்த்த அதே சாம்பல். பனிமூட்டத்துக்குள் ஒரு தோணி. தோணிக்காரனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உரத்து ஒரு கதை சொல்லிக்கொண்டு துடுப்பு வலிக்கிறான். கரையில் பெண்சாதி கிழிந்த வலையைப் பொத்துகிறாள். வலையூசியைப் பல்லில் கடித்திருக்கிறாள். கடலைப் பார்க்கவேயில்லை. கூரையில் ஒழுக்கு, பானையில் உப்பு, வலையில் ஓட்டை, இவைதான் அவள் கண்ணில் ஓடுகின்றன. அவன் மூச்சு விடுகிற இடத்தில், "ம்," என்கிறாள். தோணி கொஞ்சம் திரும்புகிறது. "ம்." இன்னும் கொஞ்சம் திரும்புகிறது.

"அவளுக்குக் கதை கேக்குதோ?" என்றாள் துஷ்யந்தி.

"இல்ல."

"அவனுக்கு அது தெரியுமோ?"

"தெரியும். அவனுக்கு வேண்டியது சத்தம். கரை எந்தப் பக்கம்னு."

தோணி மணலில் முட்டியது. பெண்சாதி வலையூசியை வாயிலிருந்து எடுத்து, இவ்வளவு நேரமும் என்ன சொல்லிக்கொண்டு வந்தீர் என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து தொடங்கினான். அதோடு திரை இருண்டது.

துஷ்யந்தி இருண்ட திரையில் தெரிந்த தங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவனுக்குக் காட்டக்கூடாது என்று இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் கடைசியில். "நல்லா இருக்கிறதால களவு இல்லையெண்டு ஆகாது."

"எடுத்துடறேன். நாளைக்கு வேற யாரையாவது வச்சுப் போடறேன்."

"கேக்கிற ஆளை வச்சோ?"

அவன் தலை குனிந்தான்.

பலகையில் போன் அடித்தது. அண்ணன். அவள் எடுத்தாள். இந்தமுறை லைன் தெளிவாக இருந்தது.

"நாளைக்கு வான் வேண்டாம் அண்ணா."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. அவன் என்ன சொல்லி மயக்கினவன் என்று கேட்பது விக்ரமனுக்கும் கேட்டிருக்கும்.

"ஒண்டும் சொல்லேல்லை. இனித்தான் சொல்ல வேணும்," என்றாள். "அறையைப் பூட்டாதேங்கோ. அது அப்பிடியே இருக்கட்டும்."

போனை வைத்தாள். மேசையில் குப்புறக் கிடந்த அவனுடைய போனை எடுத்து நிமிர்த்தினாள். வெளிச்சம் வந்தது. பதிவு ஒன்றும் ஓடவில்லை. இருந்தும் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிட்டு வந்தாள்.

"சத்தம் படத்தில் இருக்கட்டும்," என்றாள். "ஆனால் இனி என்னட்டக் கேக்காமல் என்ர மூச்சைக்கூட எடுக்கப்படாது. விளங்குதோ?"

அவன் இருண்ட திரையைப் பார்த்தபடியே, "ம்," என்றான்.

மழை யன்னல் கண்ணாடியில் வழிந்தது. துஷ்யந்தி அந்த மூடின உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் ஓமும் இருக்கலாம், இல்லையும் இருக்கலாம்.

"வாயைத் திறந்து சொல்லுங்கோ," என்றாள்.